ஹெட்விக் அம்மையாரின் மௌனமும் எங்கள் ஊர்ப் பொன்னாடையும்

1

ஊரிலிருந்து இதைப் படிக்கப்போகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் குறிப்புகளில் பனி பெய்யாது. வெளிநாட்டில் இருப்பவள் எழுதினால் பனியும் தனிமையும் ரசத்துக்கு ஏங்கும் நாக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அவையெல்லாம் இங்கே உண்டு. ஆனால் சென்ற மாதம் முழுவதும் என்னை ஆட்டிவைத்தவை ஐந்து பட்டுச் சால்வைகள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருத் தமிழ் மன்றத்தின் செயலாளர் ஏகாம்பரம் மாமா. வேட்டி துண்டுக் கடை வைத்திருப்பவர். நான் கேட்டுக்கொண்டபடி அவர் அனுப்பிய சால்வைகள், ரைன் நதிக்கரையில் நான் வசிக்கும் நகரத்தின் சுங்க அலுவலகத்தில் மாட்டிக்கொண்டன. நேரில் சென்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மிகவும் மரியாதையானவர். அதனாலேயே எனக்கு அச்சம் கூடியது. கோபக்காரரோடு வாதாடத் தெரிந்தவள் நான். மரியாதைக்காரரிடம் மொழி தடுமாறுகிறது.

இது என்ன பொருள் என்று கேட்டார். பொன்னாடைக்கு ஜெர்மன் மொழியில் சொல் இல்லை. பதற்றத்தில், போர்த்துவது என்ற பொருளில் ஒன்றைச் சொன்னேன். அது மெத்தைமேல் விரிக்கும் விரிப்பைக் குறிக்கும் சொல். அப்படியானால் படுக்கைச் சாமானா என்றார். இல்லை, மனிதர்கள்மீது போடுவது என்றேன். குளிருக்கா? இல்லை. அழகுக்கா? முழுக்க அப்படியும் இல்லை. போட்டுக்கொண்டவர்கள் பிறகு என்ன செய்வார்கள்? சற்று நேரத்தில் கழற்றி மடித்து வைத்துவிடுவார்கள்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தாமாகவே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்து, எனக்கு உதவிவிட்ட நிறைவோடு திரையைத் திருப்பிக் காட்டினார். ‘நாடக மேடைக்கான பொருட்கள்’ என்றிருந்தது.

கையெழுத்திட்டேன். ஆனால் அந்தச் சொற்கள் என்னோடு டிராம் ஏறின. என்னோடு மாடிப்படி ஏறின. நான் எதை எண்ணி நடுங்கிக்கொண்டிருந்தேனோ, அதையே அந்த நல்ல மனிதர் ஒன்றும் அறியாமல் எழுதிக் கொடுத்திருந்தார்.

2

எங்களுக்கு மேல்தளத்தில் ஹெட்விக் அம்மையார் குடியிருக்கிறார். எண்பதை நெருங்குகிறவர். இசையமைப்பாளர். நம் ஊரில் இசையமைப்பாளர் என்றால் திரைப்படத்துக்கு மெட்டுப் போடுகிறவர் என்று கொள்வோம். இவர் அந்த இனமல்லர். மேலைச் செவ்வியல் இசையை முறையாகக் கற்று, கற்றதையே உடைத்துப் பார்க்கப் புறப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவர்.

போரில் இடிந்த ஊரில் வளர்ந்த பெண் அவர். இடிபாடுகளின்மேல் நின்றுகொண்டு இனிமையாகப் பாடுவது பொய் என்று கருதிய தலைமுறை அது. வில்லைத் தந்தியில் இழுக்காமல் வயலினின் மரத்தில் தேய்க்கச் சொன்னார். பியானோவின் மூடியைத் திறந்து உள்ளே இரும்புச் சங்கிலியைப் போட்டார். மெட்டு என்பது கேட்பவருக்குக் கொடுக்கும் கைக்கூலி என்று மேடையில் முழங்கினார். கேட்க வந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். அப்படிப் போகிறவர்களின் காலடியோசையும் என் இசையில் சேர்த்தி என்று பேட்டி கொடுத்தார். ஏசினார்கள், ஆனால் ஏசுவதற்காகவேனும் அவர் பெயரை எல்லோரும் சொன்னார்கள்.

நடுவயதில் அவருடைய இசையில் ஓசைகள் குறையத் தொடங்கின. வரவர இடைவெளிகளே மிகுந்தன. பிறகு ஒரு நாள், பள்ளிச் சிறுமியும் பாடக்கூடிய எளிய மெட்டு ஒன்றை எழுதினார். அதன் பின் அந்த வகையையே எழுதினார். ஏன் மாறினீர்கள் என்று நான் கேட்டதற்கு, மாறவில்லை, வேறொன்று கேட்டது, எழுதினேன் என்று மட்டும் சொன்னார். பழைய தோழர்கள் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் கடந்தார்கள். துரோகி என்றார் ஒருவர்; களைத்துவிட்டார் என்று இரக்கத்தோடு எழுதியது ஒரு நாளேடு. இரக்கம்தான் அவரை அதிகம் சுட்டது என்று நினைக்கிறேன். வானொலி நிலையங்கள் அழைப்பதை நிறுத்தின. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்.

இப்போது காலம் மறுபடியும் திரும்பியிருக்கிறது. கறுப்புச் சட்டை இளைஞர்கள் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப்பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படியில் ஏறுகிறார்கள். முன்னோடி என்கிறார்கள், சங்கிலியைப் பற்றிக் கேட்கிறார்கள். மெட்டுகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் இளமைக்கு மட்டும் சிலை வைக்கும் வேலை அது. சிலை வைக்க வருகிறவர்களுக்கு அவரே தேநீர் கொடுத்து அனுப்புகிறார்.

கோயில் யானையின் நெற்றியில் எந்த நாமத்தைப் போடுவது என்று இரண்டு கட்சியாக நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆகவே முந்தைய ஹெட்விக்கா, பிந்தைய ஹெட்விக்கா என்ற சண்டை எனக்குப் புரிந்தது. எந்த அணியில் நிறுத்தினாலும் அரைமணி நேரம் பேசியிருப்பேன். அப்போது அதைப் பெருமையாகவே நினைத்தேன்.

3

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தன்னடக்கம் என் பயிற்சியில் இல்லை. மன்றத்து மேடையில் ஒலிவாங்கிக்கும் உதட்டுக்கும் ஒரு சாண் விட்டு நிற்கவும், கைத்தட்டு எழுந்து அடங்கும் வரை அடுத்த சொல்லை நாவிலேயே நிறுத்திவைக்கவும் பழகியவள். கல்லூரிகளுக்கு இடையேயான சொற்போர்களில் வாங்கிய கோப்பைகள் வீட்டுப் பரணில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன. எறியும் எண்ணம் எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

இங்கே ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மென்பொருளின் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வேலை. நாள் முழுவதும் குட்டைக் குட்டையான ஜெர்மன் வாக்கியங்கள். இந்தப் பொத்தான் இயங்கவில்லை. அந்தப் பக்கம் திறக்கவில்லை. ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது மன்றத்தார் பழைய மாதிரியே பேசச் சொல்வார்கள். பேசுவேன். கைத்தட்டு வரும். இறங்கி வரும்போது, பள்ளிக்கூடத் தாவணியைத் தேடி எடுத்து உடுத்திக்கொண்டவளைப் போல ஒரு கூச்சம் தொற்றும். இப்போது எனக்கு வேறு மாதிரி பேசத் தோன்றுகிறது. தணிந்து, நிறுத்தி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி. அதை ஊர் கேட்காது என்ற அச்சத்தில் இதுவரை முயன்றதில்லை.

மகள் யாழினிக்கு எட்டு வயது. என் பழைய பேச்சு ஒன்றைக் காணொளியில் காட்டினேன். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அம்மா, நீ ஏன் அவங்க எல்லாரையும் திட்டுற?" என்றாள். திட்டவில்லை, பேசுகிறேன் என்றேன். அவர்கள் எல்லோரும் ஏன் அதற்குக் கைத்தட்டுகிறார்கள் என்று அடுத்த கேள்வி. காணொளியை நிறுத்தினேன். கணவர் சமையலறையில் சிரித்தது காதில் விழுந்தது.

அவள்தான் மேல்தளத்துக்கு முதலில் போனவள். பியானோ கற்க. அம்மையாரை வெறும் ஹெட்விக் என்றும் நீ என்றும் அழைக்கிறாள். அவரே கேட்டுக்கொண்டது அது. எனக்குக் கேட்கும்போதெல்லாம் முதுகு கூசும். என் நாவில் இன்றுவரை ‘நீங்கள்’தான்.

4

சிக்கல் ஒரு புதிய படைப்பில் தொடங்கியது. இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, தரையில் ஊன்றி வாசிக்கும் செல்லோ ஒன்று. முதல் பாதியில் தேய்ப்பும் தட்டும் கீச்சும். முழுக்க இளவயது ஹெட்விக். பிறகு நால்வரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருக்கும் நீண்ட மௌனம். பிறகு ஒரு மெட்டு. அலங்காரம் எதுவும் இல்லாத, வளைந்து திரும்பி வீடு வந்து சேரும் சின்ன மெட்டு. அம்மையார் தம்முடைய இரண்டு காலத்தையும் முதன்முறையாக ஒரே இடத்தில் வைத்திருந்தார்.

எங்கள் நகரத்தில் நவீன இசை விழா நடத்தும் ஃபீலிக்ஸ் என்ற இளைஞர், அவருடைய பழைய படைப்புகளுக்காக ஒரு மாலையை ஒதுக்கியிருந்தார். புதியதையும் சேர்க்க இசைந்தார், ஆனால் மௌனத்தோடு முடித்துவிட வேண்டும். அந்த மெட்டு தேவாலயப் பாட்டைப் போல இருக்கிறது, உங்கள் பெயரைக் கெடுக்கும் என்றார். அம்மையார் முடியாது என்றார். ஃபீலிக்ஸ் கெட்டவர் அல்லர். அவர் காதலித்தது முதல் பாதியை, அவ்வளவுதான். எண்பதை நெருங்குகிறவருக்கு இன்னொரு மாலை கிடைக்குமா என்பதே கேள்வி. மெட்டு மேடையேறுமா, ஏறாதா? அம்மையார் வாய்விட்டுச் சொல்லவில்லை. படியேறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவதை மட்டும் பார்த்தேன்.

அந்தச் சமயத்தில் அதை வாசிக்கவிருந்த நால்வர் குழுவுக்குச் சென்னையில் நிகழ்ச்சிகள் இருந்தன. அம்மையாரும் ஃபீலிக்ஸும் உடன் செல்வதாக ஏற்பாடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேடையில் நிற்கிறவளைப் போல நிமிர்ந்து சொன்னேன்: எங்கள் ஊரில் ஒரு மன்றம் இருக்கிறது, நான் கேட்டால் மறுக்காது, புதிய படைப்பை முழுதாக அங்கே வாசிக்கட்டும், ஃபீலிக்ஸ் கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அன்றிரவே எனக்கு உறக்கம் போயிற்று. எங்கள் கூட்டம் எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியாதா?

போதாக்குறைக்கு அம்மையார் ஒரு கட்டளை போட்டார். நடுவில் மௌனம் வரும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. அறிவித்துவிட்ட மௌனம் வெறும் இடைவேளை என்றார். ஏகாம்பரம் மாமாவிடம்கூடச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவரிடம்தான் முக்கியமாகச் சொல்லக் கூடாது என்றார். நான் மாமாவைப் பற்றி அவ்வளவு சொல்லியிருந்தேன்.

5

மன்றத்தின் ஆண்டு விழா, கல்யாண மண்டபத்தில். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். அம்மையாரின் வெள்ளை முடியில் யாரோ ஒரு முழம் மல்லிகையை ஊசி குத்தி நிறுத்திவிட்டார்கள். வியோலாக்காரப் பெண்ணிடம் எங்கள் தெருப் பெண்கள் கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டு, இல்லை என்றதும் அவளுக்காக வருந்தினார்கள். ஃபீலிக்ஸ் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்தார்.

நான் முன்னுரை பேசினேன். பழைய பாணிதான். கடல் கடந்து வந்த கலை, கரை கடந்து நிற்கும் காஞ்சி. கைத்தட்டு வந்தது. செவியைத் திறந்து, வாயை மூடி, கேட்டருள வேண்டும் என்று முடித்தேன். அதைத் தாண்டி எச்சரிக்க எனக்கு உரிமை இல்லை.

வாசிக்கத் தொடங்கினார்கள். செல்லோவின் மரத்தில் வில் கரகரவென்று தேய்ந்தது. வயலின் கீச்சிட்டது. மண்டபத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. எழுந்து போயிருந்தால்கூட அம்மையாருக்குப் பழக்கம். இவர்கள் உட்கார்ந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் சரிகை விலை, முன்வரிசையில் பெண் பார்த்துவிட்டு வந்த கதை. காபி வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்னைத் தட்டி, அந்த அம்மா தூங்குறாங்களா என்று கேட்டார். அம்மையார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கம் என் காதுவரை சுட்டது. ஃபீலிக்ஸைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பிறகு நால்வரும் சட்டென்று நிறுத்தினார்கள். வில்கள் நான்கும் காற்றில் நின்றன. மௌனம் தொடங்கிவிட்டது.

அந்தக் கணத்தில் ஏகாம்பரம் மாமா எழுந்தார். கையில் தட்டு, தட்டில் சால்வைகள். எழுபது வயதுக் கால்கள் மேடைப்படியில் அவ்வளவு விரைவாக ஏறி நான் கண்டதில்லை. நான் பாதி எழுந்தேன். ஆனால் தடுக்க வேண்டுமானால் பேச வேண்டும், பேசினால் மௌனம் கெடும். வாழ்நாளில் முதன்முறையாக எழுந்தும் பேசாமல் உட்கார்ந்தேன்.

"கடல் கடந்து வந்திருக்கும் கலைஞர்களுக்கு, நம் தெருவின் சார்பில், பட்டுத் தறியின் சார்பில்" என்று ஒலிவாங்கியில் மாமாவின் குரல் முழங்கியது. அவர் பெயர் சொல்லி அழைக்க, பெரியவர்கள் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். நால்வர் மேலும் பொன்னாடை விழுந்தது. வாசிப்பவர்களோ எழுதியதை எழுதியபடி செய்யப் பழகியவர்கள். மௌனம் முடியாததால் அசையவில்லை. தூக்கிய வில்லோடு, தோளில் பட்டோடு, சிலை போல இருந்தார்கள். வில்லில் சால்வை மாட்டிக்கொண்டபோது, மாமாவே அதைப் பதமாக எடுத்துத் தோளில் சேர்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து அம்மையாருக்கும் போர்த்தினார். அவர் எழுந்து கைகூப்பினார். முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மாமா உட்கார்ந்தார். மண்டபம் அடங்கியது. மெட்டு தொடங்கியது.

அதன்பின் நடந்ததை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. சரிகை விலை நின்றது. காபித் தட்டு நின்றது. குழந்தையின் வாயில் ஒரு தாய் விரல் வைத்தாள். சின்ன மெட்டு வளைந்து திரும்பி வீடு வந்து சேரும் வரை அந்த மண்டபத்தில் மூச்சொலிகூட எழவில்லை. என் பேச்சுக்கு ஒருநாளும் கிடைக்காத அமைதி அது. முடிந்ததும், வியப்பு, யாரும் உடனே கைத்தட்டவில்லை. ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். பிறகுதான் கைத்தட்டு எழுந்தது.

6

ஃபீலிக்ஸ் ஓடி வந்து அம்மையாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்கள் மின்னின. இதுதான் அசல் ஹெட்விக் என்றார். கேட்பவர்களையே மேடைக்கு இழுத்து, சடங்கையே இசையாக்கி, அதன்பின் அந்தத் தேவாலய மெட்டைக் கேலியாக வைத்தது அபாரம் என்றார். காலடியோசையும் என் இசை என்று அன்று சொன்னவரல்லவா நீங்கள்? புரட்சிக்காரி திரும்பிவிட்டார். நம் விழாவிலும் இப்படியே செய்வோம். மெட்டும் இருக்கட்டும், சால்வையும் இருக்கட்டும்.

பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாம் முன்பே திட்டமிட்டதுதானே என்று கேட்டார்.

எத்தனையோ கேள்விகளுக்கு இரண்டு பக்கத்து மறுமொழியும் தயாராக வைத்திருந்தவள் நான். இதற்கு ஒற்றைச் சொல் போதும். ஆம் என்றால் மெட்டு மேடையேறும். இல்லை என்றால் அந்த மாலை போய்விடும். அம்மையாரைப் பார்த்தேன். அவர் தோளில் இருந்த பட்டின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இது வழக்கம் என்று சொன்னேன். பொய்யில்லை. ஃபீலிக்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது.

நகரம் திரும்பியதும் அம்மையாரிடம் என் கலக்கத்தைச் சொன்னேன். எங்கள் மாமா கேலிக்காகப் போர்த்தவில்லை, மரியாதைக்காகப் போர்த்தினார். இங்கே அதை வேடிக்கையாக்கினால் அரங்கம் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் உங்கள் மெட்டும் போய்விடும். அவர் கேட்டுக்கொண்டார். சால்வையோ யானையோ, ஃபீலிக்ஸ் எதை வேண்டுமானாலும் கொண்டுவரட்டும்; மெட்டு காதில் விழுந்தால் போதும் என்றார். குரலில் களைப்பு இருந்தது. முன்பு ஒரு நாளேடு இட்டுக்கட்டிய அந்தக் களைப்பு, இப்போது உண்மையாகவே.

ஃபீலிக்ஸ் எனக்கு எழுதினார். சால்வைகளை வரவழைக்க வேண்டும். வேட்டி கட்டிய நடிகர்கள் இருவரை ஏற்பாடு செய்யலாம். நிகழ்ச்சிக்கு முன் நான் சிறிது நேரம் பேசி, சடங்கை விளக்க வேண்டும். நடிகர்கள் வேண்டாம், நானே போர்த்துகிறேன் என்று எழுதினேன். அவர் மகிழ்ந்தார். மாமாவிடம் தொலைபேசியில் சால்வை கேட்டபோது, அவர் எதற்கென்று கேட்கவில்லை. நல்ல கரையாகப் பார்த்து அனுப்புகிறேன் என்றார். அதுதான் என்னை மேலும் வதைத்தது.

7

அரங்கம் நிரம்பியிருந்தது. கறுப்புச் சட்டைகள். ஐந்தாம் வரிசையில் என் கணவரும் யாழினியும். நான் சால்வைப் பையோடு மேடையேறினேன். ஒலிவாங்கிக்கு ஒரு சாண் விட்டு நின்றேன்.

ஜெர்மன் மொழியில் பேசினேன். குட்டை வாக்கியங்கள். எங்கள் ஊரில் விருந்தினருக்குப் பட்டுப் போர்த்துவோம். அன்று எங்களவர்கள் தமக்குச் சரியென்று பட்ட நேரத்தில் போர்த்தினார்கள். அது நடிப்பு இல்லை. ஆகவே இங்கே அதை நடிக்க முடியாது. மரியாதை செய்யலாம். இப்போதே செய்கிறேன்.

இதைச் சொல்லிவிட்டு, இசை தொடங்கும் முன்பே நால்வருக்கும் போர்த்தினேன். இறங்கி வந்து அம்மையாருக்குப் போர்த்தினேன். மாமாவின் கை போன இடத்தில் என் கையும் போயிற்று: கரை தெரியும்படி, தோளில் மடிப்பு விழாதபடி. மக்கள் கைத்தட்டினார்கள். ஓரத்தில் நின்ற ஃபீலிக்ஸின் முகம் வெளுத்தது. நான் வாக்குத் தவறவில்லை. சால்வையும் இருந்தது, மெட்டும் இருந்தது. மௌனத்துக்குள் மட்டும் ஒன்றும் இல்லை.

தேய்ப்பு, தட்டு, கீச்சு. அரங்கம் அசையாமல் கேட்டது. பிறகு வில்கள் காற்றில் நின்றன.

அந்த மௌனத்தில் பல தலைகள் என் பக்கம் திரும்பின. விழாவின் விளம்பரத்தைப் படித்தவர்கள். ஏதோ நடக்கும் என்று அறிந்தவர்கள். ஃபீலிக்ஸ் ஓரத்திலிருந்து கண்ணால் எழு எழு என்றார். பிறர் பார்வை என்மேல் விழுந்தால் எழுந்து நிற்பதற்கென்றே வளர்க்கப்பட்டவள் நான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். இருமல்கள். நாற்காலி முனகல். இது முடியாது போலிருக்கிறது, நான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது, வியோலா மெட்டை எடுத்தது.

வாசித்து முடித்தார்கள். சிலர் வேகமாக வெளியேறினார்கள். சிலர் நின்று கைத்தட்டினார்கள். அடுத்த நாள் ஒரு நாளேடு, சிங்கம் தேவாலயத்துக்குப் போய்விட்டது என்று எழுதியது. இன்னொன்று, பழைய சங்கிலியைவிட இந்த மெட்டுக்குத்தான் துணிவு அதிகம் என்றது. கறுப்புச் சட்டை இளைஞர்கள் இரண்டு கட்சியானார்கள். ஃபீலிக்ஸ் என் செய்திகளுக்கு மறுமொழி தருவதில்லை.

வீடு திரும்பும் டிராமில் அம்மையாரின் வாயிலிருந்து ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். இறங்கும் நிறுத்தம் வந்தபோது சொன்னார்: காஞ்சிபுரத்தில் நன்றாக இருந்தது. அங்கே ஏதோ நடக்கும் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை.

யாழினி அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் வெறும் பையோடு பின்னால் நடந்தேன்.

8

அந்தச் சொல் தைத்துக்கொண்டேயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவை அழைத்தேன். சால்வை நல்லபடியாகப் போர்த்தினாயா என்று விசாரித்தார். கடைசிப் பாட்டு வாசித்தார்களா என்று கேட்டார். வாசித்தார்கள் என்றேன். பிறகு அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"மாமா, அன்னிக்கு மொதல்ல எல்லாரும் பேசிக்கினே இருந்தீங்க. கடைசில மட்டும் எப்படி அவ்ளோ அமைதியா இருந்தீங்க?"

"இன்னாமா கேக்குற? மொதல்ல சுருதிதான சேத்துக்கினு இருந்தாங்க. சுருதி சேக்கறப்ப யாராச்சும் வாயப் பொத்திக்கினு உக்காருவாங்களா? சேத்து முடிச்சி, வில்லைத் தூக்கிக்கினு ரெடியா இருந்தாங்க. கச்சேரி ஆரம்பிக்கறதுக்குள்ள மரியாதைய முடிச்சிடலாம்னு ஓடுனேன். அப்பறம் கச்சேரி. சின்னக் கச்சேரிதான் மலரு. ஆனா சுத்தமா இருந்துச்சி."

அவர்கள் அவமதிக்கவில்லை. பாதியில் புகவும் இல்லை. இன்னும் தொடங்கவேயில்லை என்று நம்பி, தொடங்கியதும் முழுக்காதோடு கேட்டிருக்கிறார்கள்.

இதை அம்மையாரிடம் சொல்வதா, வேண்டாமா? ஒரு மனுஷியின் பாதி வாழ்வைச் சுருதி சேர்ப்பு என்று மொழிபெயர்த்து அவர் கையில் கொடுப்பதா? மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். மூன்றாம் முறை அவரே கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்றார். சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. முகம் சிவந்தது. "என் இசைக்கு நடுவே எழுந்து போனார்கள். என்னை ஏசினார்கள். ஆனால் அது ஒலிக்கும்போதே உட்கார்ந்து விலை பேசியவர் எவரும் இல்லை" என்றார். மெட்டுக்காக அவ்வளவு மன்றாடியவர், இப்போது கீச்சுக்காகக் கொதித்தார். பிந்தைய ஹெட்விக்தான் உண்மை என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதி வைத்திருந்த எனக்கு, அந்தத் தீர்ப்பைக் கிழிக்க வேண்டியதாயிற்று. அந்த மனிதரைத் தொலைபேசியில் கூப்பிடு என்றார்.

சமையலறை மேசையில் கைப்பேசியை வைத்தேன். அது இசை, சுருதி சேர்ப்பு அல்ல என்று சொல் என்றார். சொன்னேன்.

"இசைதான்னா மன்னிச்சிக்கச் சொல்லுமா. ஆனா சுருதி சேக்கறத நான் கொறச்சலா சொல்லல. அது சேராம எங்க ஊர்ல ஒருத்தரும் வாசிக்க மாட்டாங்க."

மொழிபெயர்த்தேன். அந்த முதல் பாதி இல்லாமல் அந்த மெட்டு இல்லை என்றார் அம்மையார்.

"அதத்தானேம்மா நானும் சொல்றேன்" என்றார் மாமா.

இரண்டு பக்கமும் என் வாயில்தான் வந்துகொண்டிருந்தது. நடுவர் இல்லை, மணி அடிக்க ஆள் இல்லை. எதிரணி எது என்று தேடினேன், அகப்படவில்லை. அம்மையார் சற்று நேரம் மேசையை விரலால் தட்டினார். பிறகு, அடுத்த முறை முழுவதும் வாசித்த பின்னரே பட்டு போர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அடுத்த முறை என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன்.

மாமா உடனே இசைந்தார். "தாராளமா. முடிஞ்சதும் ஒரு சைகை காட்டச் சொல்லு, போதும். நான் தட்ட எடுத்துக்கினு வந்துடறேன்."

சைகை காட்டமாட்டேன் என்றார் அம்மையார். முடிந்ததா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. கேட்டுக்கொண்டிருந்து அவரே தெரிந்துகொள்ளட்டும்.

அதைத் தமிழில் சொன்னேன். மறுமுனையில் கடைத்தெருவின் இரைச்சல் கேட்டது. யாரோ துண்டு விலை கேட்க, மாமா அவரை இருக்கச் சொன்னார்.

"அப்ப தட்ட மடியில வெச்சிக்கினே உக்காந்துக்கினு இருக்கணுமா?"

ஆம் என்றார் அம்மையார், நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே.

"செரி" என்றார் மாமா. "உக்காந்துக்கறோம்னு சொல்லு."